களைத்துப்போன நாளுக்கு ஏற்ற அளவு

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: வயது 41. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருக்கிறது, இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, சீக்கிரம் தூங்குவது என எல்லாவற்றையும் சேர்த்து மூன்று தடவை ஆரம்பித்தும் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதில்லை. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் ஆகவில்லை? மன உறுதி போதாதா? சின்னச் சின்னதாகத் தொடங்கினால் உடம்புக்கு உண்மையில் ஏதாவது பலன் உண்டா? மனைவியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

மன உறுதி இல்லாதவர் ஒரே காரியத்தை மூன்று முறை ஆரம்பிக்க மாட்டார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் பலரும் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். வலியோடு வருபவர்களுக்கு வீட்டில் செய்யப் பயிற்சிகள் சொல்லிக்கொடுப்பதும், சில வாரம் கழித்து அவர்கள் அதைச் செய்தார்களா என்று பார்ப்பதும் என் வேலையில் பாதி. பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தொடர்ந்து செய்கிறவர்களுக்கும் பாதியில் விடுகிறவர்களுக்கும் மன உறுதியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தென்பட்டதில்லை. எவ்வளவு செய்வது என்று வைத்துக்கொண்டார்கள், நாளின் எந்த இடத்தில் அதை வைத்தார்கள், இந்த இரண்டில்தான் வித்தியாசம்.

உங்கள் மூன்று முயற்சிகளும் நல்ல நாளில் போட்ட திட்டங்களாக இருந்திருக்கும். விடுமுறை, போதுமான தூக்கம், மனதில் உற்சாகம். அப்படி ஒரு நாளில் உட்கார்ந்து "தினமும் 45 நிமிடம் நடப்பேன்" என்று முடிவு செய்கிறோம். அந்த 45 நிமிடத்தைச் சளி பிடித்த நாளிலும், வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் நாளிலும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளிலும் செய்யவேண்டியிருக்கிறது. எந்தக் குடும்பத்திலும் மூன்று வாரத்துக்குள் அப்படி ஒரு நாளாவது வந்துவிடும். அன்று திட்டம் முறிகிறது. அதனால் பழக்கத்தின் அளவை உங்களுடைய மிக மோசமான நாளை வைத்து நிர்ணயம் செய்யுங்கள். என் பதிலின் மையம் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

21 நாள் கணக்கைப் பற்றி. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து அது கிளம்பியது. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தபட்சம் 21 நாள் பிடிக்கிறது என்பது அவர் கவனித்த விஷயம். கைமாறிக் கைமாறி வரும்போது அந்தக் 'குறைந்தபட்சம்' உதிர்ந்துபோனது, முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. நிஜமாகவே எண்ணிப் பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. அவருடைய குழுவின் ஆய்வு 2010-இல் அச்சானது. 96 பேர். ஒவ்வொருவரும் தாங்களே ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் 84 நாள் செய்யவேண்டும்: மதிய உணவோடு ஒரு பழம், காலை உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீர், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் என்பதுபோல. அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாளிலேயே படிந்துவிட்டது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது.

ஆக, மூன்றாம் வாரத்தில் உங்களுக்குப் பழக்கம் வராமல் போனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வரவேண்டிய நேரமே இன்னும் ஆகியிருக்கவில்லை. அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது, அதுதான் எனக்கு மிகப் பிடித்தது: நடுவில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் படியும் வேகம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஒரு நாள் விட்டுப்போனதும் "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடுகிறவர்களை அன்றாடம் பார்க்கிறேன். அந்த ஒரு நாளால் நஷ்டம் ஏதுமில்லை. அதன் பிறகு விட்ட பத்து நாளில்தான் நஷ்டம்.

பழக்கம் என்பது மூளையில் என்ன? புதிதாக ஒன்றைச் செய்யும்போது மூளையின் முன்பகுதி ஒவ்வொரு அடியையும் யோசித்து முடிவெடுக்கிறது. அதே இடத்தில், அதே நேரத்தில், அதே செயல் திரும்பத் திரும்ப நடக்கும்போது, பேசல் கேங்லியா என்று மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதி அந்த வரிசை முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த இடமும் நேரமும் கண்ணில் பட்டால் போதும், கட்டு தானாக அவிழும். பல் தேய்க்க யாரும் உறுதி எடுத்துக்கொள்வதில்லையே.

இந்தக் கட்டு எவ்வளவு குருட்டுத்தனமானது என்பதற்கு வெண்டி வுட் என்ற உளவியலாளர் குழுவின் ஒரு சோதனை உண்டு, 2011-இல் வெளியானது. சினிமா பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிய பாப்கார்னும், சிலருக்கு ஒரு வாரப் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிட்டுப் பழகியவர்கள், ருசி பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே, பழையதையும் புதியதற்குச் சமமாகச் சாப்பிட்டார்கள். அதே பழக்கம் உள்ள வேறு சிலரை ஒரு கூட்ட அறையில் உட்காரவைத்தபோது அப்படி நடக்கவில்லை. தியேட்டரிலேயே வழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் பழக்கம் அறுந்தது. உங்கள் விருப்பத்தைக் கேட்காமலே இடமும் கையும் சேர்ந்து வேலையை முடித்துவிடுகின்றன. கெடுதலுக்குப் பயன்படும் இந்த இயந்திரத்தை நன்மைக்கும் திருப்பலாம் என்பதே நமக்கு இதில் உள்ள செய்தி.

திருப்புவது எப்படி என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், அறுபத்து மூன்று வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாற்காலியிலிருந்து எழவேண்டும் என்றால் இரண்டு கையையும் பிடியில் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்து, உடம்பைத் தூக்குவார். நான் அவருக்கு எட்டுப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று என்று எழுதிய தாளைக் கொடுத்தனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்து சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். நான் நாலாக மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது.

"காலையில் செய்யலாம்னு நினைப்பேன் மேடம். அப்புறம் சாயங்காலம் பார்த்துக்கலாம்னு தோணும். படுத்த பிறகுதான் ஞாபகம் வரும்."

தினமும் தவறாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை: காலையில் ரேடியோவில் செய்தி கேட்பாராம், அதே நாற்காலியில், முப்பது வருடமாக. தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். செய்தி முடிந்ததும், ரேடியோவை அணைப்பதற்கு முன், கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள், இருக்கை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அஞ்சு தடவை எழுந்து உட்கார்றதா வைத்தியம்?"

ஐந்தாவது வாரம் ஒரு தகவலோடு வந்தார். ரேடியோ பழுதாகி ஒரு வாரம் கடைக்குப் போயிருந்ததாம்; அந்த ஒரு வாரமும் பயிற்சியை மறந்தேபோனாராம். ரேடியோ வீடு திரும்பிய அன்று, செய்தி முடிந்ததும் கால் தானாக எழுந்ததாம். மறந்துபோனதற்காக வருத்தப்பட்டார். எனக்கோ சந்தோஷமாக இருந்தது. கொக்கி மாட்டிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு வேண்டியதில்லை. அதன் பிறகு எண்ணிக்கையை அவராகவே கூட்டினார். பதினோராவது வாரம் அறையில் பேசிக்கொண்டிருக்கும்போது, மேசையின் அந்தப் பக்கம் இருந்த தன் ஃபைலை எடுக்கச் சட்டென்று எழுந்தார். கை நாற்காலிப் பிடியைத் தொடவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

நான் கொக்கி என்று சொல்வது, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு செயலின் முடிவை. 'காலையில்' என்பது கொக்கி ஆகாது, அது மூன்று மணி நேரம் நீளும். 'நேரம் கிடைக்கும்போது' என்பது நிச்சயம் ஆகாது. 'பிரஷைக் கழுவி வைத்ததும்', 'தட்டைக் கழுவி வைத்ததும்', 'கணினியை அணைத்ததும்' என்று ஒரு நொடியைச் சுட்டிக்காட்ட முடியவேண்டும். பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார்: எப்போது, எங்கே, எப்படி என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாக முடிவுசெய்து வைப்பது. 2002-இல் பிரிட்டனில் 248 பேரிடம் நடந்த ஒரு ஆய்வில், அடுத்த வாரம் ஒரு முறையாவது உடற்பயிற்சி செய்தவர்கள், எதுவும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம். இதய நோயைப் பற்றிப் படிக்கக்கொடுத்து ஊக்கமூட்டிய குழுவில் 35 சதவீதம். படித்ததோடு, நாளும் இடமும் நேரமும் எழுதிக்கொடுத்த குழுவில் 91 சதவீதம். ஒரே ஒரு வாரக் கணக்கு என்பதால் இதைத் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். ஆனால் ஊக்கம் மட்டும் தனியாக எதையும் நகர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊக்கமூட்டும் காணொளிகளை இரவில் ஒரு மணி நேரம் பார்ப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தூங்கச் சொல்வேன்.

சின்னதாகச் செய்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும், ஆனால் எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போது கிடைக்கும் லாபம்தான் மிகப் பெரியது. நிறையச் செய்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவதில் அத்தனை லாபம் இல்லை. தினமும் 10,000 அடி என்ற இலக்கு 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளவி' என்றுதான் பொருள். மருத்துவக் கணக்கு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. 2019-இல் ஐ-மின் லீ என்ற ஹார்வர்ட் ஆய்வாளரின் குழு, சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைப் பார்த்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தக் கோடு ஏறக்குறையச் சமமாகிவிட்டது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் இயல்பாகவே அதிகம் நடப்பார்கள் என்பதால் முழுப் பெருமையையும் நடைக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் பத்தாயிரத்தை எட்ட முடியாததற்காக நடையையே விட்டவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

இதே எச்சரிக்கை பழைய லண்டன் பஸ் ஆய்வுக்கும் பொருந்தும். ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1953-இல் வெளியிட்டது. மாடி பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அவர் கண்டார். பிறகு அவரே சீருடை அளவுகளைப் புரட்டிப் பார்த்து, டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவு வேலையில் சேரும்போதே கூடுதலாக இருந்தது என்பதையும் எழுதினார். தன் முடிவைத் தானே சந்தேகித்துச் சரிபார்த்த அந்த நேர்மை மருத்துவ ஆய்வில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. அதற்குப் பிறகு எழுபது வருட ஆராய்ச்சியும் அவர் சுட்டிய திசையிலேயே போயிருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார அமைப்பு 2020-இல் சொன்ன அளவு. உங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முன்பு குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும் என்று இருந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும்.

சாப்பிட்ட பின் நடக்கும் சில நிமிடங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. உணவுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும்போது கால் தசைகள் சுருங்கி விரிந்தால், அவை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தொடையும் பின்புறமும்தான் உடம்பின் பெரிய தசைகள். அவற்றுக்கு வேலை கொடுக்க மெதுவான நடையே போதும்.

உங்கள் நாளுக்கு வருவோம். மூன்றையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள். ஒன்றே ஒன்று. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிட நடையை எடுப்பேன். கொக்கி, தட்டைக் கழுவி வைப்பது. கழுவியதும் உட்காராமல் நேரே செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்துவிட்டால் எழ மனம் வராது, அதனால் 'உட்காராமல்' என்பதுதான் அந்த வாக்கியத்தின் உயிர். இதற்கு ஒரு மோசமான நாள் அளவும் வேண்டும்: செருப்பைப் போட்டு வாசல் வரை போய்த் திரும்புவது. காய்ச்சல் விட்ட மறுநாளும் அதைச் செய்ய முடியும். வாசலில் நின்றதோடு திரும்பிவிட்டாலும் அன்றைய கணக்கில் முழுதாக வரவு வையுங்கள். பாதி என்று குறிக்காதீர்கள். நாம் இப்போது கட்டிக்கொண்டிருப்பது கால் தசையை இல்லை, தட்டுக்கும் செருப்புக்கும் இடையிலான முடிச்சை.

இது எனக்கே உதவியது. சில வருடங்களுக்கு முன் அப்பா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பல வருடமாக நான் விடாமல் நடந்த 40 நிமிட நடை முதல் வாரமே நின்றது. நிற்காமல் இருந்தது ஒன்றுதான்: பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு நிமிடம் இடது, ஒரு நிமிடம் வலது, ஆஸ்பத்திரிக் கழிவறையின் வாஷ்பேசினை ஒரு விரலால் தொட்டபடி. அந்த இரண்டு நிமிடத்தால் அந்த மாதங்களில் என் உடம்பு பெரிதாகத் தேறியிருக்காது. ஆனால் அப்பா வீடு திரும்பிய பிறகு நடையை மறுபடி தொடங்கும்போது, எல்லாவற்றையும் தொலைத்தவளாக நான் உணரவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு நுனி கையில் இருந்தது. (வயதானவர்கள் இதைச் செய்வதென்றால் பிடிமானம் பக்கத்தில் இருக்கவேண்டும், தரை ஈரமாக இருக்கக்கூடாது.)

எப்போது கூட்டுவது? செய்ய மறந்த நாளில் ஏதோ குறைகிறதுபோல் உறுத்தும் வரை கூட்டாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மாதம் ஆகும். நடுவில் உற்சாகம் வந்தால் அன்று இருபது நிமிடம் நடந்துகொள்ளுங்கள், தடையில்லை. மறுநாள் உங்கள் கடமை மறுபடி ஐந்து நிமிடம்தான். உற்சாகமான நாளின் அளவைப் புதிய விதியாக மாற்றும்போதுதான் எல்லாம் கவிழ்கிறது. இதைப் பலமுறை சொல்லியும் கேட்காமல் கவிழ்ந்தவர்கள் நிறைய.

குறித்துவைப்பது உதவும். காலண்டரில் பேனாவால் ஒரு கோடு போதும், ஃபோனில் செயலி தேவையில்லை. நான் ஃபோன் வேண்டாம் என்பதற்குக் காரணம், குறிக்க எடுத்த கை வேறெங்கோ போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பும். ஒரு நாள் காலியாக விட்டால் அதற்குக் கீழே காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: மழை, விருந்தாளி, தலைவலி. ஒரே சொல் மூன்று முறை வந்தால் கொக்கி தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உங்களைத் திட்டிக்கொள்ளாமல் கொக்கியை மாற்றுங்கள்.

ரத்த அழுத்தத்துக்காகவே இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று உப்பு. பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஒரு டீஸ்பூனைவிடக் குறைவாக என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. தட்டில் விழும் உப்பைவிட, பாக்கெட்டில் வரும் தின்பண்டங்களிலும் தயார் உணவுகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் வரும் உப்பு அதிகம் இருக்கலாம். உப்பு டப்பாவைச் சாப்பிடும் மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைப்பது ஒரு நாள் வேலை, அதற்குப் பழக்கம்கூடத் தேவையில்லை. நாக்கு குறைந்த உப்புக்குச் சில வாரங்களில் பழகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

இரண்டாவது, தசையை அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் முழங்காலை மடக்கி நிற்பது இதில் ஒன்று. 2023-இல் 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் எல்லா வகைப் பயிற்சிகளும் பயன்பட்டன, இந்த வகை முதலிடத்தில் இருந்தது. இதற்கு டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள், செய்யும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அந்த நேரத்தில் அழுத்தம் எகிறும். இதை இரண்டாவது பழக்கமாக, இரண்டு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் அழுத்தம் அளப்பதாக இருந்தால் அதையும் ஒரு பழக்கம்போல் ஒரே முறையில் செய்யுங்கள். அரை மணி நேரத்துக்குள் காபியோ நடையோ இருக்கக்கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்க, பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாமல் தோலின் மேல் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு அளந்துவிட்டுப் பயந்து வருபவர்கள் அதிகம். டாக்டர் மாத்திரை எழுதினால் அதற்கும் கொக்கி வேண்டும், பல் தேய்க்கும் டம்ளருக்குப் பக்கத்தில் மாத்திரைப் பெட்டி நல்ல இடம், குழந்தைகள் கை எட்டாத உயரமாக இருந்தால். ஐந்து நிமிட நடை ஆரம்பித்துவிட்டேன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தூக்கத்தைச் சீக்கிரம் படுப்பதிலிருந்து தொடங்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. வராத தூக்கத்தை யாரும் வரவழைக்க முடியாது. எழும் நேரம் கையில் இருக்கிறது. விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுந்து, எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் அது தினமும் சரிசெய்யப்படுகிறது. காபி குடித்தால், அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்து, மாலைக் காபியை முன்னுக்குத் தள்ளுங்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் இந்தச் சிறு பழக்க வழிமுறையை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம். நிகோடின் அடிமைத்தனம் வேறு வகை. அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு, மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அதேபோல் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால் அங்கேயே நின்று மருத்துவ உதவி தேடுங்கள்.

மனைவியைச் சேர்த்துக்கொள்வது பற்றி. தாராளமாக. ஒருவர் செருப்பை எடுக்கும் சத்தமே மற்றவருக்கு நினைவூட்டும். ஆனால் ஒருவரின் கொக்கியை இன்னொருவரிடம் மாட்டாதீர்கள். "அவர் வந்தால் நான் வருகிறேன்" என்று வைத்துக்கொண்ட தம்பதிகளில், ஒருவருக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் இருவருமே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தட்டு, அவருக்கு அவர் நாளில் தவறாமல் நடக்கும் வேறொன்று. அது என்ன என்பதை அவரே சொல்லட்டும்; நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். இருவரும் வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றால் சேர்ந்து நடங்கள்.